சிங்கப்பூரா, ஜெர்மனியா? இருவரும் வேலைக்குப் போகும் தம்பதிக்கு

சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். இறங்கியதும் அறிவிப்புப் பலகையில் தமிழ். வரியும் குறைவு, உச்ச விகிதமே 24 சதவீதம். இடிப்பது வேறு இடத்தில். ஒருவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை விசாவிலும் மற்றவர் குடும்பத்தாருக்கான சார்ந்தோர் பாஸிலும் போனால், 2021 மே முதல் அந்த இரண்டாமவர் வேலையில் சேரத் தனியே வேலை அனுமதி வாங்க வேண்டும். கையில் எம்.டெக். பட்டம் இருந்தாலும் அதுவரை வீட்டில்தான்.

இருவருக்கும் வேலை முக்கியம் என்றால் நான் ஜெர்மனியைத்தான் சொல்வேன். ப்ளூ கார்டு (உயர்திறன் வெளிநாட்டுப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி) பெற்றவரின் துணைக்கு அங்கே போன உடனே வேலை செய்யும் உரிமை உண்டு. விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பதில்லை. கேட்பவர்கள் முதலாளிகள்! மென்பொருள்காரர் ஆங்கிலத்தில் ஒப்பேற்றலாம், மருத்துவரால் முடியாது. ஜெர்மன் மொழியை பி1 எனும் இடைநிலை வரை படித்துவிட்டால், ப்ளூ கார்டுக்காரர் 21 மாத வேலைக்குப் பின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.