பழைய சாம்ப்ளர் நகல் கிட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சாம்ப்ளர் என்பது தையல் பழகுகிறவர்கள் எழுத்தும் உருவமுமாகத் தைத்த மாதிரித் துணி. அதைப் பார்த்து நாமே தைக்கத் துணி, நூல், சார்ட் என்று விற்பதுதான் நகல் கிட். அப்படி ஒரு கிட்டுக்கு, இங்கிலாந்தில் இணையக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் 142 பவுண்டு வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியிருக்கிறார். கடையின் பெயரை எழுதிப் பயனில்லை. சட்டை மாற்றுவதுபோல் அவர் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார். சரக்கை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். அதனால் வந்த சரக்கைப் பற்றியே விவரமாக எழுதுகிறேன்.

1820களில் ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி தைத்த க்வேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) சாம்ப்ளரின் நகல் என்று விளம்பரம் சொன்னது. அசல் தன் சொந்தச் சேகரிப்பில் இருக்கிறதாம். முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்து, தையல் தையலாக எண்ணிச் சார்ட் போட்டாராம். சார்ட் என்றால் எந்தத் தையல் எந்த நிறம் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் தாள். யார்க்ஷரில் 1779-இல் தொடங்கிய க்வேக்கர் பள்ளியான ஆக்வொர்த்தின் மாணவிகள் தைத்த சாம்ப்ளர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை தெரிந்திருக்கும். எண்கோணப் பதக்கங்கள் ஓரங்களில் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும். இடையே ஜோடிப் பறவைகள், தோழிகளின் பெயர் முதலெழுத்துகள். வேலைப்பாடு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் நிறங்கள் கொஞ்சம்தான். ஒரே நிறத்தில் முடித்தவையும் உண்டு.

எனக்கு வந்த சார்ட்டில் 64 நிறங்கள்!

ஒரு பறவையின் சிறகில் மட்டும் ஒன்பது பழுப்பு. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள்கூட நிறத்தில் ஒத்துப்போகவில்லை. புகைப்படத்தை மென்பொருளில் போட்டுக் கட்டமாக்கியிருக்கிறார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கீழே இடது மூலையைப் பார்த்ததும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. அங்கே நான்கு பழுப்பு நிறங்களில் ஒரு திட்டு. இலையா, முயலா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது கறை. இருநூறு வருடத்தில் துணியில் ஏறிய ஈரக்கறையை நான் உட்கார்ந்து குறுக்குத் தையல் போட வேண்டுமாம்! அதே கறையோடு அந்தச் சாம்ப்ளரின் படம் ஓர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கிறது. சொந்தச் சேகரிப்பின் லட்சணம் இதுதான்.

ஒழுங்காகச் சார்ட் போடுகிறவர்கள் பூதக்கண்ணாடியோடு மாதக்கணக்கில் உட்காருகிறார்கள். முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சம் படாததால் நூலின் பழைய நிறம் அங்கேதான் மிஞ்சியிருக்கும். சிறுமி எங்கே எண்ணிக்கை தவறினாள், எங்கே இடம் போதாமல் கடைசி எழுத்தை வரிக்கு மேலே ஏற்றி வைத்தாள் என்பதையெல்லாம் அப்படியே விட்டுவைப்பார்கள். எனக்குக் கிடைத்ததோ வெளுத்த முன்பக்கத்தின் நிறம். துளைத் தையல் (நூலை இழுத்துத் துணியில் சிறு துளை விடும் தையல்) இருந்த இடங்களும் வெறும் குறுக்குத் தையலாகியிருந்தன.

லினன் அங்குலத்துக்கு 40 இழை என்றார். அடிக்கோலை வைத்து எண்ணினேன்: குறுக்கே 31, நெடுக்கே 27. இழை குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் வேறுவேறு எண்ணிக்கை என்றால் அந்தத் துணியில் எண்கோணப் பதக்கம் எண்கோணமாக வராது. ஒரு பக்கம் இழுத்துவிட்டதுபோல் நீண்டுவிடும். எண்ணித் தைக்கும் வேலைக்கு அது துணியே இல்லை. போதாக்குறைக்குத் தேநீர்ச் சாயம் போட்டுப் பழசாக்கியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்தபோது அந்த வாசனையே முதலில் வந்தது.

நூல் சுவா தால்ஜே என்ற பிரெஞ்சுப் பட்டு என்று போட்டிருந்தது. அந்தப் பட்டுக்கு ஏழு புரி. கையில் இருந்ததைப் பிரித்தால் ஆறுதான். ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், கரி விரலில் பொடியாகும். இது காகிதம்போல் சட்டென்று எரிந்து கொஞ்சம் சாம்பலை விட்டது. வழவழப்பைப் பார்த்தால் ரேயானாகத்தான் இருக்க வேண்டும். நனைத்த பஞ்சால் சிவப்பு நூலைத் தொட்டேன். பஞ்சு ரோஜா நிறமாகிவிட்டது. முடித்த வேலையைத் துவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கறையைப் பற்றிக் கேட்டதற்கு, “பழம்பொருளின் ஆன்மா அதில்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. நூலைப் பற்றிக் கேட்டதற்கு, எரித்த நூலைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றார். சொன்னபடி இல்லாத பொருளை 30 நாட்களுக்குள் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் கேட்கலாம் என்கிறது பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். தான் வியாபாரியே இல்லை, பொழுதுபோக்காக விற்பவர் என்றார். அதன் பிறகு பேச்சே இல்லை.

கிரெடிட் கார்டில் கட்டியதால் வங்கியை நம்பினேன். 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டினால் கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் தாண்ட வேண்டியது பில்லின் மொத்தம் அல்ல, ஒரு பொருளின் விலை. அவரோ துணியும் சார்ட்டும் 84 பவுண்டு, நூல் 58 பவுண்டு என்று இரண்டு பொருளாகப் பிரித்து விற்கிறார். இது தற்செயல் என்று நம்பும் அளவுக்கு எனக்கு நல்ல மனசு இல்லை. கார்டு நிறுவனத்தின் வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் மனு மட்டும் நிலுவையில் இருக்கிறது.

இதே சார்ட்டை வாங்கியவர்கள் இடது மூலையைப் பார்த்துவிட்டுத் துணியில் கத்தரி வையுங்கள். இன்னும் வாங்காதவர்கள் அசலின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். நான் கேட்டபோது அனுப்பவே இல்லை.

போன வாரம் அவர் புதுப் பெயரில் அடுத்த கிட்டை இறக்கியிருக்கிறார். 1598 என்று ஆண்டு பொறித்த ஜேன் பாஸ்டாக் சாம்ப்ளராம். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதுவும் அவருடைய சொந்தச் சேகரிப்பாம்.