ஐயன்பைத்தான் 3.4: டாட்நெட்டுக்குள் பைத்தான் எவ்வளவு தூரம் ஒட்டுகிறது?

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் (சி ஷார்ப் போன்ற மொழிகளில்) எழுதிய மென்பொருளுக்குள், பயனர்களே சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ள இடம் தர வேண்டுமா? பைத்தான் மொழியை டாட்நெட்டின் மேலேயே ஓடவைக்கும் ஐயன்பைத்தான் 3.4 இன்றைக்கும் தைரியமாகப் பரிந்துரைக்கக்கூடிய தேர்வு. நம்பை, பாண்டாஸ் போன்ற கணக்கீட்டு, தரவு லைப்ரரிகள் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவற்றின் உள்ளே இருப்பது சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷன்கள்; அவை இதில் ஓடாது.

ஜாவா மெஷினில் பைத்தானை ஓடவைத்த ஜைத்தானை உருவாக்கிய ஜிம் ஹுகுனின்தான் இதையும் தொடங்கினார். 1.0 பதிப்பு 2006-இல் வந்தது. இதற்காகச் செய்த வேலையிலிருந்துதான், டைப்பை ஓடும்போது முடிவு செய்யும் மொழிகளுக்கான அடித்தளமான டைனமிக் லாங்குவேஜ் ரன்டைம் பிறந்து, 2010-இல் டாட்நெட் 4-க்குள்ளேயே சேர்ந்தது. சி ஷார்ப்பின் ‘டைனமிக்’ கீவேர்டுக்கு அடியில் இருப்பதும் அதுதான். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் கைகழுவ, அன்று முதல் தன்னார்வலர்கள் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். 3.4 வெளியானது 2022 டிசம்பரில். பெயருக்கு ஏற்ப மொழியும் பைத்தான் 3.4 அளவுதான். விதிவிலக்காக எஃப்-ஸ்ட்ரிங் உண்டு; பின்னால் வந்த வால்ரஸ் (‘:=’), மேட்ச் எல்லாம் கிடையாது.

வேகம் பற்றிக் கேட்பவர்கள் முதலில் இது உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ‘ஏ + பி’ என்ற வரிக்கு எந்தக் கூட்டல் என்று சி ஷார்ப் கம்பைலர் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். இங்கே அந்த வரி முதல்முறை ஓடும்போதுதான் இரண்டின் டைப்பும் தெரியும். தெரிந்ததும் ‘இரண்டும் இன்ட்32 என்றால் இப்படிக் கூட்டு, வழிந்தால் பிக்இன்டிஜருக்கு மாறு’ என்று ஒரு விதி தயாராகி, அந்த வரிக்கென்று விதிகளைச் சேமிக்கும் இடமான கால்சைட்டில் உட்கார்ந்துவிடும். அடுத்த முறை டைப்பை மட்டும் சரிபார்த்துவிட்டு நேரே கூட்டலுக்குப் போய்விடலாம். ஒரு கால்சைட் இப்படி 10 விதிகள் வரை கையில் வைத்திருக்கும். எப்போதும் ஒரே டைப்பைப் பெறும் ஃபங்ஷன் வேகமாக ஓடுவதும், எண்ணும் ஸ்ட்ரிங்கும் ‘நன்’னும் (None, மதிப்பு இல்லை என்பது) கலந்து வரும் ஃபங்ஷன் தள்ளாடுவதும் இதனால்தான்.

இந்த விதிகளைச் செய்வதற்கும் ஜிட் கம்பைலுக்கும் (ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றுவது) நேரம் பிடிக்கும். அதனால் கோடு முதலில் இன்டர்ப்ரெட்டரில் ஓடி, ஒரே இடம் 32 தடவை ஓடிய பிறகே (இயல்பான அமைப்பு இது, மாற்றிக்கொள்ளலாம்) கம்பைல் ஆகிறது. கமாண்ட் லைனில் ஒருமுறை ஓடி முடியும் ஸ்கிரிப்டுக்கு இதைப் பயன்படுத்துவது வீண். தொடங்கவே சாதாரண பைத்தானைவிட அதிக நேரம் எடுக்கும். நாள் முழுக்க ஓடும் சர்வரிலோ டெஸ்க்டாப் மென்பொருளிலோ ஒரே ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப ஓடினால் போட்ட முதல் திரும்ப வரும்.

உண்மையான சோதனை எல்லைக்கோட்டில் இருக்கிறது: பைத்தானின் பொருள் ஒன்று டைப் கறாரான டாட்நெட் மெதடுக்குள் நுழையும் இடம். பாதிக்கு மேல் அழகாகவே நடக்கிறது. பைத்தான் ஃபங்ஷனை அப்படியே டெலிகேட்டாக (ஃபங்ஷனைச் சுட்டும் டாட்நெட் டைப்) கொடுக்கலாம். ஈவென்டுக்கு ‘+=’ போட்டு ஹேண்ட்லரை மாட்டலாம். ஜெனரிக் டைப்புக்குச் சதுர அடைப்புக்குறி போதும்.

லிஸ்டில் கவனம் தேவை. ஐலிஸ்ட், ஐஎன்யூமரபிள் என்று இன்டர்ஃபேஸ் கேட்கும் மெதடுக்குப் பைத்தான் லிஸ்டை அப்படியே கொடுக்கலாம், மேலே ஒரு உறை போட்டு அனுப்பிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் டைப்பும் அது படிக்கப்படும்போதுதான் சோதிக்கப்படும். எண்கள் நிறைந்த லிஸ்டில் ஒரு ஸ்ட்ரிங் ஒளிந்திருந்தால் எரர் வருவது கொடுத்த இடத்தில் அல்ல, சி ஷார்ப் கோடின் நடுவில். மெதட் அசல் அரேயையோ ‘லிஸ்ட் ஆஃப் இன்ட்’டையோ கேட்டால் இந்தச் சலுகையும் இல்லை, நீங்களே அரே ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். ஆகவே ஸ்கிரிப்டுக்கென்று எழுதும் ஏபிஐயில் இன்டர்ஃபேஸ்களையே கேளுங்கள், ஓவர்லோடுகளை (ஒரே பெயரில் வேறு வேறு டைப் வாங்கும் மெதட்களை) குறையுங்கள். ஓவர்லோடு தேர்வு ரன்டைமில் நடப்பதால், மூன்று நான்கு இருந்தால் எது அகப்படும் என்று ஊகிப்பதே தனி வேலை. தவிர்க்க முடியாத இடத்தில் மெதடின் ‘ஓவர்லோட்ஸ்’ மூலம் டைப்பைச் சொல்லி ஒன்றைப் பிடித்து அழைக்கலாம்.

மெதட் விடையை எழுதித் தரும் அவுட் பாராமீட்டர் ஒரு தனிக் கண்ணி. இன்ட்32-இன் ட்ரைபார்ஸ் மெதடுக்கு ‘12’ என்ற ஸ்ட்ரிங்கை மட்டும் கொடுத்தால் போதும். ட்ரூ, 12 இரண்டும் ஒரு டியூப்பிளாகத் திரும்பும். வசதிதான். ஆனால் சி ஷார்ப் பழக்கத்தில் அதை அப்படியே ‘இஃப்’புக்குள் வைத்தால், ஃபால்ஸ், 0 என்று வந்தாலும் நிபந்தனை உண்மையாகிவிடும், காலியில்லாத டியூப்பிள் பைத்தானில் எப்போதும் உண்மை. எரர் எதுவும் வராது, தப்பான எண் மட்டும் உள்ளே போகும். எப்போதும் இரண்டு வேரியபிளில் பிரித்து வாங்குங்கள்.

நகலாகவே கைமாறும் ஸ்ட்ரக்ட்களும் இதே ரகம். ஃபார்மின் லொகேஷனில் எக்ஸை 100 ஆக்கினால் ஃபார்ம் நகராது, கைக்கு வந்தது அதன் நகல். லொகேஷனுக்குப் புதிய பாயின்ட்டையே கொடுக்க வேண்டும். சி ஷார்ப் கம்பைலர் இந்த வரியை வாசலிலேயே மறித்திருக்கும்.

பில்லிங், கணக்கு மென்பொருள் செய்பவர்களுக்கு இன்னொன்று: பைத்தானின் டெசிமல் வேறு, சிஸ்டம்.டெசிமல் வேறு. ஒன்று கேட்கும் இடத்தில் மற்றது செல்லாது. ஐயன்பைத்தான் 2.7-இலிருந்து வருபவர்களுக்கோ வகுத்தல் உறுத்தும். 10 / 2 இப்போது 5.0, இன்ட் கேட்கும் மெதட் அதை ஏற்காது. ‘//’ போடுங்கள்.

ஸ்ட்ரிங் இரண்டு பக்கமும் ஒரே சிஸ்டம்.ஸ்ட்ரிங்தான். ஆனாலும் டாட்நெட்டை எட்ட உதவும் சி.எல்.ஆர். மாட்யூலை இம்போர்ட் செய்யாத கோப்பில் டூஅப்பர் போன்ற டாட்நெட் மெதட்கள் கண்ணுக்குத் தெரியாது. பைத்தானின் அப்பர் மட்டும் இருக்கும். ஒரு கோப்பில் ஓடிய வரி இன்னொன்றில் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உள்ளே எழுத்துகள் 16 பிட் அலகுகளாக (யூடிஎஃப்-16) இருப்பதால் இமோஜியின் நீளம் 2 என்று வரும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்குத் தொல்லை இல்லை. 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி போன்ற பின்னக் குறிகள் மட்டும் இமோஜி போலவே 2 ஆகிவிடும்.

டாட்நெட் கிளாஸைப் பைத்தானில் இன்ஹெரிட் செய்து விர்ச்சுவல் மெதடை ஓவர்ரைடு செய்தால் சி ஷார்ப் பக்கம் அதை ஒழுங்காக அழைக்கிறது. புதிதாக எழுதிய மெதட்கள், டைப்பின் உள்ளடக்கத்தை ஓடும்போது ஆராயும் ரிஃப்ளெக்‌ஷனில் தெரியாது. ஆட்ரிபியூட் பார்த்து இயங்கும் சீரியலைசர், டெஸ்ட் ஃபிரேம்வொர்க் ஆகியவற்றோடு இணைக்கும் திட்டம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

நிறுவுவது, டாட்நெட்டின் பேக்கேஜ் களஞ்சியமான நியூகெட்டில் இரண்டு பேக்கேஜ். ஸ்டாண்டர்ட் லைப்ரரி தனிப் பேக்கேஜாக இருப்பதைக் கவனிக்காமல்தான் பலர் முதல் நாளே ‘மாட்யூல் இல்லை’ எரரில் மாட்டுகிறார்கள். அதன் லிப் ஃபோல்டர் சர்ச் பாத்தில் இருக்க வேண்டும். என்ஜினை ஒருமுறை மட்டும் உருவாக்கி, ஸ்கிரிப்டை ஒருமுறை கம்பைல் செய்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய ஸ்கோப் (வேரியபிள்கள் இருக்கும் இடம்) கொடுங்கள். ரிக்வெஸ்டுக்கு ஒரு என்ஜின் என்று போனால் மெமரி ஏறிக்கொண்டே போகும். சாதாரண பைத்தானில் ஒரே நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் ஜி.ஐ.எல். பூட்டு கிடையாது, திரெட்கள் நிஜமாகவே இணையாக ஓடும். அதற்கு விலையாக லாக் போடுவது உங்கள் பொறுப்பு. பிரின்ட் போகும் இடம் ஸ்கோப்புக்கு அல்ல, ரன்டைமுக்கே பொது என்பதால் இரண்டு ஸ்கிரிப்டின் அவுட்புட் கலந்துவிடும். யாரும் பயன்படுத்தாத பொருளை உடனே விடுவிக்கும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை இல்லை, அதனால் ‘வித்’ இல்லாமல் திறந்த கோப்பில் எழுதியது டிஸ்க்குக்குப் போகாமல் நிற்கும். நேட்டிவ் ஏஓடி-யில் (முன்கூட்டியே மெஷின் கோடாக்கும் முறை) பப்ளிஷ் செய்யும் எண்ணம் இருந்தால் இது எடுபடாது. ரன்டைமில் டைப் உருவாக்கும் வசதி அங்கே இல்லை.

மாற்று, பைத்தான்நெட் 3. அது நிஜ பைத்தானையே பிராசஸுக்குள் கொண்டுவருவதால் நம்பை ஓடும். பதிலுக்கு ஜி.ஐ.எல்., பயனரின் கணினியில் சரியான பைத்தான் டிஎல்எல்லைக் கண்டுபிடிக்கும் பாடு, ஒவ்வோர் அழைப்பிலும் எல்லை தாண்டும் செலவு எல்லாம் கூடவே வரும். அடர்த்தியான கணக்கீட்டுக்கு அது. உங்கள் ஆப்ஜெக்ட்களை நொடிக்கு நொடி தொட்டுப் பேசும் ஸ்கிரிப்டுக்கு இது.

வெளியார் எழுதும் ஸ்கிரிப்டை ஓட்டுவதாக இருந்தால் சாண்ட்பாக்ஸ் (பாதுகாப்பு வேலி) எதுவும் கிடையாது. சிஸ்டம்.ஐஓ-வை இம்போர்ட் செய்து கோப்பை அழிக்க இரண்டு வரி போதும். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் பிராசஸுக்குள் தனி அறை போன்ற ஆப்டொமைனை வைத்துக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம். டாட்நெட் கோரிலிருந்து அந்த வழியும் அடைபட்டது. தனிப் பிராசஸில், குறைந்த உரிமையுள்ள பயனர் கணக்கில், நேர வரம்பு வைத்து, மீறினால் பிராசஸையே கொல்லும்படி ஓட்டுங்கள்.