புத்தக மதிப்புரைத் தளத்தை கிட்ஹப்பில் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

நண்பர்கள் சிலர் சேர்ந்து நிரலாக்கப் புத்தகங்களுக்குத் தமிழில் மதிப்புரை போடும் தளம் ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறோம். ஒருவர் எழுதியதை, அதே புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுவோம். எதில் கட்டினீர்கள், தாங்குகிறதா என்று கேட்கிறார்கள். கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துக் கூட்டாகத் திருத்தும் தளம்), ஜெக்கில் (எழுத்துக் கோப்புகளை வலைப்பக்கங்களாக்கும் கருவி), ஓப்பன் லைப்ரரி (புத்தகங்களின் திறந்த இணையப் பட்டியல்), அவ்வளவுதான். தாங்குகிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

யோசனை ஒன்றும் எங்களுடையது அல்ல. 2016-ல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' என்ற ஆய்விதழில் மதிப்பாய்வு முழுவதும் கிட்ஹப் இஷ்யூக்களில் (அங்கே விவாதத்துக்கென்று திறக்கும் பதிவுகள்), எல்லோரும் பார்க்கும்படி நடக்கிறது. மதிப்பாய்வாளர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துப் போவார். அந்தப் பட்டியல் முறையை எடுத்துக்கொண்டோம். எந்தப் பதிப்பு, மாதிரி நிரல்களை ஓட்டினீர்களா, மொழியின் எந்த வெர்ஷனில் ஓட்டினீர்கள், காசு கொடுத்து வாங்கியதா இலவசப் பிரதியா, ஆசிரியர் தெரிந்தவரா. "ஏழாம் அத்தியாயம் அறுவை" என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் கருத்து, அதில் யாரும் கை வைப்பதில்லை. "ஏழாம் அத்தியாயத்து நிரல் ஓடவில்லை" என்று எழுதினால் இரண்டாமவர் அதை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

இதற்கு புல் ரிக்வெஸ்ட் முறை, அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டு அனுப்புவது, கச்சிதமாகப் பொருந்துகிறது. தளத்தில் வெளியாகும் பிரதியான முதன்மைக் கிளையைப் பூட்டி, இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் சேராதபடி வைத்துவிட்டோம். வரியைத் தேர்ந்தெடுத்து மாற்று வாக்கியம் பரிந்துரைக்கலாம், எழுதியவர் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொள்ளலாம், யார் என்ன மாற்றினார்கள் என்பது அப்படியே நிற்கும். ஆனால் நம்மவர்களிடம் வேறொரு சிக்கல்: எழுதியவர் வயதிலோ அனுபவத்திலோ மூத்தவர் என்றால் "சூப்பர்ணே" என்று போட்டு ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். எந்த மென்பொருளாலும் இதைத் தடுக்க முடியாது. கடைசியில் ஒரு விதி வைத்தோம், குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்காத ஒப்புதல் செல்லாது. வேண்டாவெறுப்பாகக் கேட்ட கேள்விகளில்கூடச் சில உருப்படியாக இருந்தன.

பெயரை மறைத்துச் செய்யலாமே என்பார்கள். இவ்வளவு சின்ன வட்டத்தில் இரண்டு பத்தி படித்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும், வீண் வேலை.

நிஜமான தலைவலி ஐஎஸ்பிஎன். அது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி எண்தானே, அதையே பக்கத்தின் அடையாளமாக வைத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2007 ஜனவரி 1-க்கு முன் வந்தவற்றில் பத்து இலக்கம், பிறகு பதின்மூன்று. பழைய எண்களில் பல பூஜ்ஜியத்தில் தொடங்கும், எக்செல் அதை எண்ணாக நினைத்து அந்தப் பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும். சிலவற்றில் கடைசி இலக்கம் எக்ஸ். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அமெரிக்கப் பதிப்பகமான ஓரெய்லியின் புத்தகங்களை இந்தியாவில் ஷ்ராஃப் பப்ளிஷர்ஸ் மறுபதிப்பாகப் போடுகிறார்கள், நம்மில் பலர் வாங்குவது அதைத்தான். உள்ளே அதே பாடம், ஆனால் எண் வேறு, மின்நூலுக்கு இன்னொரு எண். ஆக ஒரே புத்தகத்துக்கு மூன்று பக்கங்கள், மதிப்புரைகள் மூலைக்கு ஒன்று. இங்கேதான் ஓப்பன் லைப்ரரியின் அமைப்பு கைகொடுத்தது. அங்கே 'ஒர்க்' (படைப்பு) தனி, 'எடிஷன்' (அதன் ஒவ்வொரு பதிப்பு) தனி. முதலாவதன் அடையாளம் டபிள்யூ என்று முடியும், இரண்டாவது எம் என்று முடியும். பக்கத்தை ஒர்க்குக்குக் கொடுத்து, மதிப்புரையை எடிஷனோடு கட்டினோம். தொழில்நுட்பப் புத்தகத்தில் இரண்டாம் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் பாதிப் புத்தகமே மாறியிருக்கலாம் என்பதால் இப்படித்தான் செய்ய வேண்டும். இந்தியப் பதிப்பு அங்கே இல்லையென்றால் நாமே சேர்த்துவிடலாம்.

அடுத்தது தேடல். லன்ர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் இலவசம், சர்வர் வேண்டாம். ஆனால் அதன் இயல்பான அமைப்பில் சொல்லின் முன்னும் பின்னும் ஆங்கில எழுத்தோ எண்ணோ அல்லாததை வெட்டும் ஒரு படி இருக்கிறது, தமிழ்ச் சொல்லில் எல்லா எழுத்தும் அப்படித்தான் என்பதால் மிச்சம் ஒன்றும் இருக்காது! 'பைதான்' என்று தேடினால் வெறும் பக்கம்தான் வரும். லன்ர் லாங்வேஜஸ் தொகுப்பில் தமிழுக்கான கோப்பு இருக்கிறது, அதைச் சேருங்கள்.

நட்சத்திரம் போடுவதில்லை. பிரிட்டனில் இருக்கும் ஏசிசியூ என்ற நிரலர் அமைப்பு உறுப்பினர்களின் மதிப்புரைகளில் 'பரிந்துரைக்கிறேன்', 'பரிந்துரைக்கவில்லை' என்று சொல்லாகவே தீர்ப்பு இருக்கும், அது பிடித்துப்போனது. நாங்கள் கூடவே "யாருக்கு" என்பதையும் கட்டாயமாக்கினோம்.

மதிப்புரைக்கும் வயதாகும், ஆரம்பத்தில் யாரும் அதை நினைப்பதில்லை. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது, வலைச்செயலி எழுத உதவும் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 கடைசியில். அவற்றைப் புகழ்ந்து எழுதிய பக்கம் இன்றும் கூகுளில் வரும், அதை நம்பி ஒரு மாணவர் காசைக் கரைப்பார். அதனால் ஒவ்வொரு மதிப்புரையின் தலைப்பிலும் சோதித்த வெர்ஷனும் தேதியும் இருக்கும்; பழையதானால் நீக்குவதில்லை, மேலே எச்சரிக்கைப் பட்டை வரும். அல்காரிதம், தரவுத்தள அடிப்படை மாதிரியான புத்தகங்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

இலவசப் பிரதி அனுப்பிய ஒரு பதிப்பகம், வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டுங்கள் என்றது. பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

கிட் (கிட்ஹப்புக்கு அடிப்படையான, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தெரியாதவர்களுக்கு இந்த அமைப்பு கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள், நூலகர்கள் என்று நல்ல வாசகர்கள் பலர் ஃபோர்க், கமிட் என்ற பேச்சைக் கேட்டதுமே ஒதுங்கிவிடுகிறார்கள். இஷ்யூ ஃபார்ம் ஒன்று வைத்து, அதில் நிரப்பியதை, கிட்ஹப்பில் தானாக ஓடும் ஒரு ஆக்‌ஷன் புல் ரிக்வெஸ்டாக மாற்றும்படி செய்த பிறகு நிலைமை தேவலை, இருந்தும் கிட்ஹப் கணக்கு வேண்டுமே. சிலர் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள், யாராவது ஒருவர் உட்கார்ந்து ஏற்றுகிறார்.

செலவு டொமைன் பெயருக்கு மட்டும். எல்லாம் மார்க்டவுன் கோப்புகள் (எளிய குறிகள் கொண்ட வெறும் உரை) என்பதால், நாளைக்கே ஜெக்கில் மாதிரியான ஹியூகோவுக்கு மாற நினைத்தாலும் வார்ப்புருக்களை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.