ஏற மறுத்த இடப்பக்கக் கண்ணாடி

டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் சென்னை குரோம்பேட்டை. வங்கி கேஒய்சி, அம்மாவின் பல், ஒரு கல்யாணம் என்று பட்டியல் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன், ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு வேலைக்குத்தான் முழுதாக இரண்டு நாள் போனது.

அப்பாவின் கார் 2008 மாடல். நான் இருக்கும் சிங்கப்பூரில் சிஓஇ எனும் வண்டி உரிமச் சான்று பத்து வருடம்தான், அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் மறுபடி பெரிய தொகை கட்ட வேண்டும் என்பதால் பலர் வண்டியையே கைகழுவிவிடுவார்கள். இங்கே அப்பா 15 வருடம் முடிந்ததும் 2023-இல் வண்டியை எஃப்சி எனும் தகுதிச் சோதனைக்குக் காட்டி, 5,000 ரூபாயும் பசுமை வரியும் கட்டி, இன்னும் 5 வருடத்துக்கு ஆர்சி வாங்கிவிட்டார். இன்ஜின் கல் மாதிரி இருக்கிறது. மற்றதெல்லாம் வயதுக்கேற்ப.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைப் பக்கம் வழி கேட்க இடப்பக்கக் கண்ணாடியை இறக்கினேன். இறங்கியது. ஏறவில்லை. எல்லாக் கண்ணாடிகளையும் இயக்கும் டிரைவர் பக்கத்து மாஸ்டர் ஸ்விட்சை அழுத்தினாலும் சரி, அந்தக் கதவிலேயே இருக்கும் ஸ்விட்சை அழுத்தினாலும் சரி, ஒரு அசைவும் இல்லை. ஆனால் கீழே இறக்கச் சொன்னால் உடனே இறங்குகிறது. தூறல் வேறு. அப்பா பதறவே இல்லை. "ரெண்டு கையாலயும் கண்ணாடியப் புடிச்சு மேல தூக்கிக்கிட்டே ஸ்விட்ச்ச அமுக்கு, அஞ்சாறு தடவ அமுக்கினா ஒரு தடவ புடிக்கும்" என்றார். அப்படியென்றால் இது பல மாதக் கதை. போனில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏசி, காபி எல்லாம் உண்டு. வரவேற்பில் இருந்த பையன் ஸ்விட்சை நான்கு முறை தட்டிப் பார்த்துவிட்டு, கதவைக்கூடத் திறக்காமல் எஸ்டிமேட் போட்டுவிட்டார்: மாஸ்டர் ஸ்விட்ச், இடப்பக்க மோட்டார், லேபர், வரி எல்லாம் சேர்த்து 9,000-த்தைத் தாண்டியது. ஏன் மோட்டாரும் என்று கேட்டேன். ரெண்டு ஸ்விட்சிலும் ஏறவில்லையே சார், அப்போ மோட்டாராகத்தான் இருக்கும், எதற்கும் ரெண்டையும் மாற்றிவிடலாம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மோட்டார் செத்திருந்தால் எப்படி இறங்குகிறது என்ற கேள்வி எனக்கு வெளியே வந்த பிறகுதான் தோன்றியது.

பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் பழைய ஸ்விட்ச் தேடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அப்பா, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டுவிட்டார். கடை என்றால் ஒரு தகர ஷெட், இரண்டு பேட்டரி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். ஐம்பது வயதிருக்கும், நான் அண்ணே என்றேன், அவர் தம்பி என்றார். கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றி, மோட்டாருக்கு ஒயர் சேரும் கப்ளரைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தார். கண்ணாடி ஏறியது, கொஞ்சம் முனகலோடு. "மோட்டாரு நல்லாத்தான் தம்பி இருக்கு." இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் அவர் சொன்ன விளக்கம்தான் எனக்குப் பிடித்தது. இந்த மாதிரி பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்விட்சுக்குப் பதில் கரண்டைத் தாங்க ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனி ரிலே கிடையாது, மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுக்க ஸ்விட்ச் வழியாகவே போகிறது. மோட்டாருக்கு இரண்டு ஒயர், சும்மா இருக்கும்போது இரண்டும் மாஸ்டர் ஸ்விட்சுக்குள் எர்த்தில் உட்கார்ந்திருக்கும். ஏற்றும்போது ஒன்றுக்கு 12 வோல்ட் வரும், இறக்கும்போது இன்னொன்றுக்கு. எந்தக் கதவிலிருந்து அழுத்தினாலும் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வழி மாஸ்டர் ஸ்விட்சில்தான். ஏற்றும்போது பயன்படும் அந்த ஒரு எர்த் முனை கறுத்துப் போனால், இரண்டு ஸ்விட்சிலும் ஏறாது, இரண்டிலும் இறங்கும். எங்கள் வண்டியின் கதை அப்படியே அதுதான்.

மாஸ்டர் ஸ்விட்சை நெம்பித் திறந்து காட்டினார். அரிசி அளவு செம்பு முனைகள், ஏழெட்டு. எல்லாம் மங்கலாக இருந்தன, ஒன்று மட்டும் அடுப்புக்கரி நிறம், பக்கத்துப் பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. நைஸான உப்புத்தாளை மடித்து இரண்டு இழு, துணியால் துடைப்பு, காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு. முனை பளபளவென்று வந்துவிட்டது. திறக்கும்போது தெறித்து ஓடிய குட்டி ஸ்பிரிங் ஒன்றை மூவரும் தரையில் உட்கார்ந்து தேடியதில் பத்து நிமிடம் போனது தனி.

நான் கிளம்பத் தயாராகிவிட்டேன், அவர் விடவில்லை. "இப்டியே போனா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க" என்று கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்குக்குள் ஸ்க்ரூ டிரைவரில் துணி சுற்றி இழுத்தார். கறுப்புக் களிம்பு கொத்தாக வந்தது. "யாரு இதுல எண்ணெ ஊத்துனது?" அப்பா தெருவைப் பார்த்தார். கண்ணாடி இறுகுகிறது என்று இரண்டு வருடமாகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். எண்ணெய் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ள, கண்ணாடி இன்னும் இறுக, மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்க, அந்தச் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டது இந்த அரிசி அளவு செம்பு. ஸ்விட்சை மட்டும் மாற்றியிருந்தால் புதிய ஸ்விட்சும் இதே கதிக்குத்தான் போயிருக்கும். பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே அடித்தார்.

மொத்தம் 450 ரூபாய். பில் கிடையாது, வாரண்டி கிடையாது. டோர் பேட் கிளிப் இரண்டு உடைந்துவிட்டன, வேறு வண்டிக் கிளிப்பை வைத்து அழுத்தியிருக்கிறார், பள்ளத்தில் இறங்கினால் கடகடக்கிறது. அப்பாவுக்கு அது கேட்காது, எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பு முக்கி முனகி ஏறிய கண்ணாடி இப்போது நாலைந்து நொடியில் ஏறிவிடுகிறது.

கிளம்பும் முன் ஒரு சிலிகான் ஸ்ப்ரே வாங்கிக் கொடுத்தேன், வெயிலில் காருக்குள் வைக்காதீர்கள் என்று சொல்லி. எங்கே வைத்தார் என்று போன வாரம் கேட்டேன். சமையலறை அலமாரியில், தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்திலாம்.