உடைத்த பலகை, கைப்பையில் போன பலகை

'ஹிடன் ஃபிகர்ஸ்' 2016-இல் புத்தகமாகவும் வந்தது, படமாகவும் வந்தது. அமெரிக்காவில் நாசாவின் லேங்லி ஆய்வுக்கூடத்தில் விமானத்துக்கும் விண்கலத்துக்கும் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களின் கதை. எதை முதலில் எடுப்பது?

படத்தில் கெவின் காஸ்ட்னர் நடித்த மேலதிகாரி, கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறைப் பலகையை அடித்து உடைக்கிறார். மனதை உலுக்கும் காட்சிதான், ஆனால் நிஜத்தில் நடக்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருவரான கேத்தரின் ஜான்சன், பலகை இல்லாத கழிப்பறைக்குத் தன்பாட்டுக்குப் போய்வந்தார்.

புத்தகத்தில் வேறொரு பலகை வருகிறது. உணவகத்தில் இவர்களுக்கென்று ஒதுக்கிய மேசையில் ஓர் அட்டை. இவர்களில் ஒருவரான மிரியம் மேன் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். புதிது வரும், அதுவும் பைக்குள் போகும். கடைசியில் அட்டை வருவதே நின்றது. இந்தப் பெண்ணைப் படத்தில் விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்னும் ஆற்றாமை.

அப்புறம், இதே குழுவின் டோரதி வாகன் நிஜத்தில் 1949-லேயே மேற்பார்வையாளர்; மேரி ஜாக்சன் 1958-இல் பொறியாளர். படமோ 1961-இலும் அவர்களை அதற்காகப் போராட வைக்கிறது.

சரி, நடிப்பு? கேத்தரினாக நடித்த தராஜி ஹென்சன் மழையில் நனைந்து வந்து வெடிக்கும் இடம் எந்தப் பக்கத்திலும் கிடைக்காது. பத்து வயது மகளோடு உட்காருகிறீர்கள் என்றால் படம். உங்களுக்கென்றால் புத்தகம்தான்.