‘எக்ஸிகியூட்’ என்ற ஒரே வினையும் மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியும்

பத்திரங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் மொழிபெயர்ப்பவர்கள் ‘எக்ஸிகியூட்’ என்ற ஆங்கில வினையை ஒரு பக்கத்திலேயே மூன்று பொருளில் சந்திக்க நேரும். ஆங்கில அகராதி ஒன்று எனக்கு எவ்வளவு தூரம் துணைவரும் என்பதை அந்தச் சொல்லை வைத்தே நான் அளந்துகொள்கிறேன். கட்டணமின்றிக் கிடைக்கும் மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி அந்தச் சோதனையில் பெருமளவு தேறுகிறது.

இட்ட பணியை முழுமையாகச் செய்து முடித்தல், தீர்ப்பாணையை நிறைவேற்றுதல், மரண தண்டனைக்கு உட்படுத்துதல், கலைப்படைப்பை உருவாக்குதல் என்று பொருள்களைப் பிரித்துச் சொல்லும் இந்த அகராதி, ஓர் ஆவணத்தைச் செல்லத்தக்கதாக்கத் தேவையானதைச் செய்தல் என்ற பொருளையும் தனியே தருகிறது. எனக்கு இதன் மதிப்பு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. சிறிய ஆங்கில–தமிழ் அகராதியை மட்டும் நம்பி ‘நிறைவேற்று’ என்று எழுதிவிடுபவர், கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரத்தை அதில் கண்ட கடமைகளெல்லாம் முடிந்துபோன பத்திரமாக்கிவிடுவார். நம் பத்திர எழுத்தர்கள் இதற்கு ‘எழுதிக் கொடுத்தல்’ என்ற அருமையான வழக்கை வைத்திருக்கிறார்கள். எழுதுபவர் வேறொருவராக இருந்தாலும், கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவரே ‘எழுதிக் கொடுப்பவர்’. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பொதுவாக எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், அந்த நாளைத் தவறாகப் புரிந்துகொள்வது சொல்லாராய்ச்சிப் பிழையோடு நின்றுவிடாது.

ஒப்பந்தத்திற்கு வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘எக்ஸிகியூட்டட்’ ஒப்பந்தம் என்றால் கையெழுத்தான ஒப்பந்தம் என்றும் கொள்ளலாம்; இரு தரப்பும் தம் கடமைகளை முடித்துவிட்ட ஒப்பந்தம் என்றும் கொள்ளலாம். முதலாவதில் வேலை இனிமேல்தான் தொடங்குகிறது, இரண்டாவதில் முடிந்துவிட்டது. இந்த இடத்தில் அகராதி பொருள்களை எடுத்துக்காட்டும். எது பொருந்தும் என்பதை ஆவணத்தின் மற்றப் பகுதிகளைப் படித்து நாமேதான் முடிவுசெய்ய வேண்டும்.

தீர்ப்பாணை தொடர்பான பொருளில் தமிழுக்குத் தடுமாற்றமில்லை. தீர்ப்பாணையைச் செயல்படுத்தித் தரக் கோரும், வழக்கறிஞர்கள் ‘ஈ.பி.’ என்று சொல்லும் நிறைவேற்று மனு, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையின் கீழ் வருகிறது. இந்தியாவில் தீர்ப்பாணை பெற்ற பிறகே வழக்காடியின் இன்னல்கள் தொடங்குகின்றன என்ற கருத்தை, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் 1872இலேயே பதிவுசெய்திருக்கிறது.

தண்டனைப் பொருளில் இரு மொழிகளும் பிரிகின்றன. ஆங்கிலத்தில் அந்த வினை ஆளையே செயப்படுபொருளாகக் கொள்ளும். நாம் தண்டனையை நிறைவேற்றுவோம், ஆளைத் தூக்கிலிடுவோம். இறுதிவரை பின்தொடர்தல் என்ற லத்தீன் வேரை அகராதி காட்டும்போது, உயிலை நிறைவேற்றுபவரும் தூக்கிலிடுபவரும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே பெயரைப் பெற்றது எப்படி என்பது விளங்குகிறது. உயில் மொழிபெயர்ப்பில் இவ்விருவரையும் மாற்றிவிடாமல் இருப்பது நல்லது!

குறை என்றால், இது அமெரிக்க அகராதி என்பதுதான். 1828இல் பேரகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டரே வழக்கறிஞராக இருந்தவர்; பொதுப் பொருளுக்குக் கீழே சட்டப் பொருளைத் தனிப்பகுதியாகத் தரும் வழக்கமும் இத்தளத்தில் பயனுள்ளது. ஆயினும், ‘தேவையானதைச் செய்தல்’ என்பதில் அந்தத் தேவை எது என்பதை இந்தியச் சட்டத்தில்தான் தேட வேண்டும். பொதுவாக உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் சான்றொப்பம் கட்டாயம் என்று 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. தானப் பத்திரத்திற்கும் அவ்வாறே இருவர் வேண்டும். கிரயப் பத்திரத்திற்கோ சொத்து மாற்றுச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை, வழக்கத்தில் சாட்சிகள் கையெழுத்திட்டாலும்கூட.

விளம்பரங்கள் இடையில் வருவது இலவசச் சேவைக்குக் கொடுக்கும் விலை. உச்சரிப்பு ஒலி தெளிவாக இருக்கிறது. சட்ட மாணவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பக்கத்தில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலையும் வைத்துக்கொண்டால், ‘எழுதிக் கொடுத்த’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நிறைவேற்றிய’ என்று எழுத மாட்டார்கள்.