உடற்தகைமை ஆய்வுப் பெட்டி: நுவரெலியாவில் ஒரு தவணைப் பயன்பாட்டுக்குப் பின்

தரம் 8, 9 மாணவர்கள் உடற்பயிற்சியைப் பாடமாக ஒப்பிப்பதோடு நில்லாமல் தம் உடலையே அளந்து ஆராய வேண்டும் என்ற நோக்கில் கொழும்பிலுள்ள ஒரு வெளியீட்டு நிறுவனம் விற்கும் பெட்டியை, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்காகச் சென்ற தவணை முழுவதும் பயன்படுத்தினேன். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் வாங்கித் தந்த பெட்டி அது. மடக்கக்கூடிய பிளாஸ்ரிக் படி, விரலில் மாட்டும் இரண்டு நாடிமானிகள், தாளம் தட்டும் சிறு கருவி, நிறுத்தற் கடிகாரங்கள், ஆசிரியர் வழிகாட்டி, நாற்பது ஆய்வுக் குறிப்பேடுகள் ஆகியன அதில் உள்ளன.

பெட்டியில் மிக மலிவான பொருளான குறிப்பேடுதான் மிகப் பயனுள்ளது. அதன் முதற் பக்கத்தில் "நீ எதை அறிய விரும்புகிறாய்?" என்ற ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில், அளப்பதற்கு முன்பே தன் ஊகத்தை மாணவர் பேனையால் எழுதிவிட வேண்டும். பின்னர் அழித்துத் திருத்த வழியில்லை. விடையைப் பார்த்துவிட்டுக் கருதுகோளை எழுதும் நம் வகுப்பறைப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை.

முதல் மூன்று வாரங்களை நாடித்துடிப்புக்கே செலவிட்டோம். நுவரெலியாவின் காலைக் குளிரில் விறைத்த விரல்களை நாடிமானி பல தடவை கண்டுகொள்ளவே இல்லை. விரலுக்கு இரத்தம் குறைவாகச் செல்லும்போது இவ்வகைக் கருவிகள் தடுமாறும் என்பதை வழிகாட்டி எங்கும் சொல்லவில்லை. ஆகவே மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணும் பழைய முறைக்குத் திரும்பினோம். அது நன்மையாகவே முடிந்தது. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும்போது ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நிமிடக் கணக்கில் நான்கு குறைந்துவிடும் என்பதை, ஒரே தோழியின் கையைப் பிடித்த இரண்டு மாணவிகள் 84 என்றும் 88 என்றும் எழுதி வாதிட்டபோது வகுப்பு முழுவதும் விளங்கிக்கொண்டது. வழுவைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதி இந்த விளக்கத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது.

படியில் ஏறி இறங்கிய பின் நாடித்துடிப்பை எண்ணும் படிச்சோதனைக்கு வருகிறேன். 1943இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான சோதனையில் படியின் உயரம் 20 அங்குலம். பெட்டியில் உள்ளது பின்னர் கல்லூரி மாணவர்களை வைத்து வகுக்கப்பட்ட குயீன்ஸ் கல்லூரி முறை. அதில் 41.3 சென்ரிமீற்றர் உயரப் படியில், மாணவிகள் நிமிடத்துக்கு 22 தடவையும் மாணவர்கள் 24 தடவையும் என மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். கல்லூரி வயதினருக்கு அந்த உயரம் சரியாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; நாடு முழுவதையும் எடுத்தால் அது 17 வீதமே. அந்தக் குழந்தைகளின் வயதினர்தாம் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். முழங்காலுக்கு மேல் வரும் படியில் ஏறும் குட்டையான பிள்ளைக்கும் அதே படியில் ஏறும் நெட்டையான பிள்ளைக்கும் வேலை ஒன்றல்ல. ஆகவே பெட்டியிலிருந்த படியை மூலையில் வைத்துவிட்டு மைதானத்துக்கு இறங்கும் சீமெந்துப் படியைப் பயன்படுத்தினோம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஒரே பிள்ளையின் முதல் வார எண்ணையும் எட்டாம் வார எண்ணையும் ஒப்பிட்டோம்.

தாளக் கருவி இரண்டாம் வாரமே ஊமையாகிவிட்டது. மூடுபனியின் ஈரம் பற்றரிப் பெட்டிக்குள் புகுந்திருந்தது. நிமிடத்துக்கு 22 தடவை என்றால், ஏற இரண்டு இறங்க இரண்டு என்று 88 அடி தட்ட வேண்டும். திருவிழாக்களில் தப்பு மேளம் அடிக்கும் மாணவன் ஒருவன் மேசையைத் தட்டி அதைப் பிடித்துக் காட்டினான். நிறுத்தற் கடிகாரத்தில் நான் சரிபார்த்தபோது மூன்று நிமிடத்தில் இரண்டு அடிதான் பிசகியிருந்தது. இதற்குப் பின் கருவியைத் திருத்த அனுப்பும் எண்ணம் எனக்கு வரவில்லை.

எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று அளக்கும் பன்னிரண்டு நிமிட ஓட்டத்துக்குப் பெட்டி தரும் தர அட்டவணையே எனக்குப் பெரிய குறை. மருத்துவரான கென்னத் கூப்பர் 1968இல் அமெரிக்க வான்படையினரை வைத்து வெளியிட்ட சோதனையை, "மிக நன்று, நன்று, மோசம்" என்று தரம் பிரித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பது போல அச்சிட்டிருக்கிறார்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான், அதே அளவில் ஒட்சிசனின் அமுக்கமும் குறைவு. 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிக்கோ நகரில் 1968இல் நடந்த ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தை வென்றவரின் நேரம் அப்போதைய உலக சாதனையைவிட ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. அதே போட்டிகளில் நீளம் பாய்தலில் 8.90 மீற்றர் சாதனை பிறந்தது. நீண்ட ஓட்டத்துக்கு உயரம் தடை, குறுகிய முயற்சிக்கு மெல்லிய காற்று உதவி. இந்த ஒரு செய்தியை வைத்தே அருமையான ஆய்வுச் செயற்பாடு ஒன்றை அமைத்திருக்கலாம். வழிகாட்டியில் உயரம் என்ற சொல் மாணவரின் உடல் உயரத்தைக் குறிக்க மட்டுமே வருகிறது. மேலும் 400 மீற்றர் ஓடுபாதை எங்களிடம் இல்லை, உள்ள மைதானமும் சரிவு. 20 மீற்றர் இடம் போதும் என்கிற, மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி வேகம் கூடிச் செல்லும் முன்பின் ஓட்டச் சோதனையைக் கடைசிப் பக்கத்தில் மேலதிகச் செயற்பாடு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். மலைநாட்டுப் பாடசாலைக்கு அதுவே முதலில் வர வேண்டியது.

நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் திணிவுச் சுட்டிக்குப் பெரியவர்களுக்கான 18.5, 25 என்ற எல்லைகளையே கொடுத்திருப்பது பிழை. 5 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2007இல் வயதுக்கும் பாலுக்கும் ஏற்பத் தனி அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் வகுப்பில் நடத்தவே இல்லை. சக மாணவர் முன் நிறை பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல.

இறுதியாக, அன்றாட உடற்செயற்பாட்டுக் கேள்விக்கொத்து. விளையாட்டு, நீச்சல், சைக்கிள், உடற்பயிற்சி நிலையம் என்று நான்கு கட்டங்கள் மட்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் தினமும் முக்கால் மணி நேரம் நடந்து வரும் மாணவி அதன்படி "செயற்பாடு குறைந்தவர்" ஆனாள். அவளே குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிய கேள்வி: "அம்மா கொழுந்து எடுப்பது உடற்பயிற்சியா?" உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல், வேலையிலும் நடையிலும் வீட்டிலும் செய்யும் உடற்செயற்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன். அவளது குழு பதினொரு தாய்மாரின் ஓய்வு நாடித்துடிப்பை விடியலில் எடுத்து, லயத்தில் வீட்டோடு இருக்கும் பெண்கள் ஒன்பது பேரின் அளவுகளோடு வைத்து இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) கண்டது. கொழுந்து எடுப்பது உடற்பயிற்சியானால், கொழுந்து எடுப்பவர்களின் துடிப்பு குறைவாக இருக்கும் என்பது ஊகம். இரண்டு துடிப்பு வித்தியாசம்தான் வந்தது. "எங்கள் ஊகம் பிழைத்தது, வயதையும் இரத்தச்சோகையையும் நாங்கள் பார்க்கவில்லை" என்று முடிவில் எழுதியிருந்தார்கள். இரத்தச்சோகை என்ற சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

முழுப் பெட்டியையும் வாங்கும்படி வேறு பாடசாலைகளுக்கு நான் சொல்லமாட்டேன். குறிப்பேட்டைத் தனியாகவும் விற்கிறார்கள். அதனோடு இரண்டு நிறுத்தற் கடிகாரங்களும் ஓர் அளவு நாடாவும் இருந்தால் போதும். அடுத்த ஆண்டுக்கு நாற்பது குறிப்பேடுகளுக்கு மட்டும் கட்டளை அனுப்பியிருக்கிறேன்.